குளக்கரைப் பாலிடெக்னிக்கின் இருபதாவது மாணவருக்கு

சிங்காநல்லூர் குளக்கரைப் பாலிடெக்னிக்கில் முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுத்தராகவும் தலைமை எழுத்தராகவும் பணியாற்றி, 31-7-1997 அன்று ஓய்வுபெறும் உயர்திரு. ம. அமிர்தநாதன் அவர்களுக்கு, உடன் பணிபுரிவோர் உவகையோடும் கொஞ்சம் பயத்தோடும் வாசித்தளிக்கும் மடல்

கோப்புகளின் கோமகனே! முத்திரைகளின் முடிமன்னரே! பதிவேடுகளைப் பாலூட்டி வளர்த்த பண்பாளரே! வரிசையில் நில்லாத எவரையும் வாழ்நாளில் ஒருமுறையும் ஏறிட்டுப் பாராத விதிமுறை வேந்தரே! வணக்கம்.

இக்கல்லூரியில் இதுவரை ஓய்வுபெற்ற இருபத்தாறு பேருக்கும் பாராட்டு மடல் தட்டச்சு செய்தவர் தாங்களே. இருபத்தாறுக்கும் மூலம் ஒன்றே. பெயரும் தேதியும் மட்டும் மாறும். காவலாளி ராமுலு ஓய்வுபெற்ற அன்று அவசரத்தில் ஒரு வரி மாறாமல் போய், “வகை நுண்கணிதத்தின் வரம்பு கண்ட வல்லுநரே!” என்று அவரை விளித்துவிட்டோம். ராமுலு கண்கலங்கி, “என்னப் பத்தி இத்தன தெரிஞ்சு வெச்சிருக்கீங்களேங்க” என்றார். அந்த மடல் இன்றும் அவர் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

அதையே தங்களுக்கும் வாசித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். வகை நுண்கணிதம் என்ற இடம் வந்ததும் மனம் ஒப்பவில்லை. தாங்கள் அந்தப் பாடத்தில் இரண்டு முறை தவறியவர் என்பது இந்த அவை முழுவதும் அறிந்த செய்தி. ஆகவே நூலகர் சென்னகேசவனாகிய என் கையில் பேனாவைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்று பணித்துவிட்டார்கள்.

நேரம் தவறா நேர்மையாளரே! தாங்கள் 1964இல் இங்கு வந்தபோது ஓட்டுக் கட்டடம் இரண்டும் லேத் இயந்திரம் ஒன்றும்தான் கல்லூரி. அன்று தொட்டு ஆபீஸ் சன்னல் காலை பத்து மணிக்குத் திறக்கும். மாலை ஐந்து மணிக்குச் சாத்தும். ஐந்து மணி அடிக்கும்போது ஒரு மாணவனின் கை உள்ளே நீண்டிருந்தால், கையை எடுக்கச் சொல்லிவிட்டுச் சாத்துவீர்கள். சான்றிதழ் எதுவானாலும் மூன்று நாள். “ரூல் அப்படித்தானுங்க” என்று தாங்கள் அன்பாகச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு நடுங்காத மாணவர் இக்கல்லூரியில் படித்ததில்லை. நடுங்காத முதல்வரும் இருந்ததில்லை.

1992ஆம் ஆண்டு நம் மாலை வகுப்புக்கு ஒரு கண்டம் வந்தது. காலை ஷிஃப்டில் மில்லிலும் பம்புசெட் பட்டறையிலும் மதுக்கரை சிமெண்டிலும் உழைத்துவிட்டு, மாலை ஐந்தே முக்காலுக்கு வந்து ஒன்பது வரை உட்கார்ந்து, நான்கு ஆண்டு படித்து டிப்ளமா வாங்குகிறவர்களின் வகுப்பு அது. முதலாண்டில் இருபது பேர் சேராவிட்டால் வகுப்பையே மூடிவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி கெடு. நான்கு மணிக்குச் சேர்ந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர்.

அந்தப் பத்தொன்பதில் ஒருவர் ராசப்பன், மில் ஃபிட்டர். இரண்டாண்டுகள் ஷிஃப்ட் ஒத்துவராமல் சேர முடியாதவர். மூன்றாம் ஆண்டு மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி நிரந்தரமாகக் காலை ஷிஃப்ட் வாங்கியிருந்தார். அன்று அவர் இருபதாவது ஆளைக் கையோடு கூட்டி வந்திருந்தார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்யும் தம் மச்சானை, கடையைச் சாத்தச் சொல்லி, இரண்டு பஸ் மாற்றி இழுத்து வந்து சன்னலில் நிறுத்தினார். தாங்கள் மச்சானின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தீர்கள். திருப்பிப் பார்த்தீர்கள்.

“இவரு பத்தாவது பெயிலுங்களே.”

“ஆமாங்க. ஆனா ரெண்டே பாடந்தானுங்க” என்றார் மச்சான்.

“ரூல் இல்லீங்க.”

மச்சான் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். ராசப்பன் மட்டும் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். “ஏனுங்க சார், ஒருத்தருங்க. ஒரே ஒருத்தரு கொறைஞ்சா மத்த பத்தொம்பது பேரு என்ன பண்றதுங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல விதியில் எதுவும் இல்லை.

ஆபீசுக்கு நேர் எதிரே நூலகம். அங்கிருந்து அடுத்து நான் கண்டதை இந்த அவையின் முன் சத்தியமாகச் சொல்கிறேன். நான்கு நாற்பதுக்குத் தாங்கள் பீரோவைத் திறந்து விதிப் புத்தகத்தை எடுத்து ஐந்து நிமிடம் படித்தீர்கள். பிறகு ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து நிரப்பினீர்கள். எழுந்து கதவு வழியாக வெளியே வந்து சன்னலின் முன் நின்றீர்கள். உள்ளே யாரும் இல்லை. படிவத்தைச் சன்னலுக்குள் வைத்துவிட்டு, சுற்றிப் போய் உள்ளே அமர்ந்து, அதை எடுத்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தீர்கள். ஒரு கட்டத்தில் பிழை இருந்தது போலும். முகம் சுளித்து, படிவத்தைத் திரும்பச் சன்னலில் வைத்துவிட்டு வெளியே வந்து, திருத்தி, மறுபடியும் உள்ளே போனீர்கள். முத்திரை விழுந்தபோது ஐந்தாக ஒரு நிமிடம் இருந்தது.

முதல்வர் ஐயாசாமி ஓடி வந்தார். “என்னுங்க அமிர்தநாதன், நீங்களா சேர்றீங்க? உங்களுக்கு அம்பத்தி மூணு வயசுங்க!”

“வயசுக்கு மேல்வரம்பு ரூல்ல இல்லீங்க. பாத்துட்டேனுங்க. ரெண்டு வருச வேலை அனுபவம் கேக்கறாங்க, ஒர்க்‌ஷாப் ஸ்டோரை நாலு வருசம் நாந்தானுங்களே பாத்தேன். பத்தாவதும் பாஸ். எல்லாஞ் சரியா இருக்குதுங்க.”

ராசப்பன் சன்னல் வழியாகவே கைநீட்டித் தங்கள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அந்தச் சன்னலுக்குள் நீண்ட கைகளிலே தாங்கள் திருப்பிப் பிடித்த முதல் கை அதுதான்.

தலைக்கணக்குக்காகச் சேர்ந்தவர் தலையைக் காட்டுவாரா என்று நாங்கள் அனைவரும் நினைத்தோம். நினைத்ததற்காக இன்று வெட்கப்படுகிறோம். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, முகம் கழுவி, தலை வாரி, ஐந்தே முக்காலுக்கு மூன்றாவது பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள். “சேந்துபோட்டு வராம இருந்தா அது பொய்க் கணக்குங்க” என்றீர்கள்.

வரைபடப் பாடம் எடுத்தவர் ஹபீபுன்னிசா. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. பகலெல்லாம் தம்முடைய விடுப்பு விண்ணப்பத்தோடு தங்கள் சன்னலில் நிற்பவர். மாலையில் அவர் வகுப்புக்குள் நுழைந்தால் தாங்கள் எழுந்து நிற்பீர்கள். அவருக்கு அது இருப்புக் கொள்ளாத சங்கடம். “உக்காருங்க சார்” என்று அவர் சொல்ல, “மத்தவங்கள உக்காரச் சொல்லுங்க மேடம், அப்பறமா நான் உக்காந்துக்கறேன்” என்று தாங்கள் சொல்ல, முதல் வாரம் பாதி நேரம் இதிலேயே போயிற்று.

தாங்கள் வரைந்த முதல் படத்தை அவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒரு மரக்கட்டையை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்து வரைய வேண்டும். தாங்கள் பதிவேட்டுக்குக் கோடு போடுவது போலச் சிவப்பு மையில் கட்டம் கட்டி, வரிசை எண் இட்டு, கட்டையை மேலிருந்து பார்க்கும் படத்தின் கீழே, ‘மேலிடப் பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதிச் சுருக்கொப்பமும் இட்டிருந்தீர்கள். மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆனால் மறுவாரம் அதே கட்டையைத் தாங்கள் பதினோரு முறை வரைந்துவந்தீர்கள். பதினோராவது சரியாக இருந்தது.

முதலாண்டின் மார்ச் மாதம். ஆண்டிறுதி வேலை நெருக்கியதால் தங்கள் வருகை எழுபத்து நான்கு சதவீதமாக இறங்கிவிட்டது. எழுபத்தைந்துக்குக் குறைந்தால் வீட்டுக்குக் கடிதம் போக வேண்டும். அனுப்ப வேண்டிய எழுத்தர் தாங்கள். அனுப்பினீர்கள்! ‘தங்கள் பொறுப்பில் உள்ள மாணவர் ம. அமிர்தநாதன் வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை; நேரில் வந்து விளக்கம் தரவும்’ என்று தாங்களே தட்டச்சு செய்து, பதிவுத் தபாலில் ஒண்டிப்புதூரில் இருக்கும் தங்கள் வீட்டுக்கே அனுப்பினீர்கள்.

தங்கள் துணைவியார் ரூத் அம்மையார் அப்போது தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. பெற்றோரை வரவழைத்தே பழகியவர், வாழ்க்கையில் முதன்முறையாக வரவழைக்கப்பட்டு, கடிதத்தோடு நேரே சன்னலுக்கு வந்தார்.

“ஏனுங்க, என்ற ஊட்டுக்காரரு ஒழுங்கா கிளாசுக்கு வாரதில்லைன்னு கடுதாசி வந்துச்சுங்க” என்றார்.

“வரிசைல வாங்கம்மா” என்றீர்கள் தாங்கள்.

அம்மையாருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். காத்திருந்தார். முறை வந்ததும், “காலைல ஊட்டுல இருந்து ஒண்ணாத்தானுங்களே கெளம்புனோம், அப்பச் சொல்லியிருக்கலாமுங்கல்ல?” என்று கேட்டார். “அது ஊடுங்க, இது ஆபீசுங்க” என்று சொல்லி, உறுதிமொழிப் படிவத்தை நீட்டினீர்கள். ‘இனி ஒழுங்காக அனுப்பிவைப்பேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு அம்மையார் சொன்ன வார்த்தைகளை இந்த மடலில் எழுத எனக்குத் துணிவில்லை. ஆனால் அதன்பின் தாங்கள் ஒரு நாளும் வகுப்புக்கு வராமலிருந்ததில்லை.

சிரித்துவிட்டோம். இனி சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் மாலை, தங்கள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் ராசப்பன் வாடிய முகத்தோடு இருந்தார். அதற்குள் தாங்கள் இருவரும் நெருங்கிய நண்பர்கள். தங்களைப் பகலில் ‘சார்’ என்றும் மாலையில் ‘அண்ணா’ என்றும் அவர் அழைப்பார்.

“என்னாச்சுங்க ராசப்பன்?”

“ஒண்ணுமில்லீங்ணா. மில்லுல குடுக்கறதுக்கு, இங்க படிக்கறேன்னு ஒரு சர்டிபிகேட் வேணும். ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா ஆபீஸ் சாத்திருது. அதான் இன்னைக்கு லீவு போட்டுட்டு பகல்ல போனேன். மூணு நாள் கழிச்சு வாங்கன்னு ஒரு பெரியவரு நிமுந்துகூடப் பாக்காம திருப்பி அனுப்பிச்சுபோட்டாரு. மூணு நாள் கழிச்சு இன்னொரு லீவு போடோணும். அவ்வளவுதானுங்ணா.”

“எந்தப் பெரியவரு?” என்று கேட்டீர்கள், வேறு எங்கோ நடந்த அநியாயம் போல.

ராசப்பன் தயங்கினார். “நீங்கதானுங்ணா” என்றார்.

வகுப்பில் அதன்பின் ஹபீபுன்னிசா மேடம் நடத்திய எதையும் தாங்கள் நோட்டில் எழுதவில்லை. ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்ததும் ஆபீசைத் திறந்து, விளக்கைப் போட்டு, ராசப்பனை நிற்க வைத்து, பத்து நிமிடத்தில் சான்றிதழைக் கையில் கொடுத்தீர்கள். மறுநாள் சன்னலின் மேலிருந்த நேரப் பலகையைக் கழற்றி, தங்கள் கையாலேயே புதிதாக எழுதி மாட்டினீர்கள். மாலை வகுப்பு மாணவர்களுக்கு ஐந்திலிருந்து ஐந்தே முக்கால் வரையிலும், வகுப்பு முடிந்த பின் அரைமணி நேரமும் சன்னல் திறந்திருக்கும். சான்றிதழ் அன்றன்றே. அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று முதல்வர் சொன்னபோது, “கூடாதுன்னும் இல்லீங்க. தேடிப் பாத்துட்டேன்” என்றீர்கள். இருபத்தொன்பது ஆண்டுகள் எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று நூலகத்தில் வந்து என்னிடம் கேட்டீர்கள்.

பாடங்கள் ஒவ்வொன்றாகத் தங்களிடம் தோற்றன. விசையியல் என்ற ஒன்று மட்டும் தோற்க மறுத்தது. முதல்வர் ஐயாசாமியே நடத்திய பாடம். அதில் ஓர் ஏணிக் கணக்கு வரும்: சுவரில் ஏணி சாய்ந்திருக்கிறது, ஒருவர் ஏறுகிறார், எவ்வளவு உயரம் ஏறினால் ஏணி வழுக்கும்? தங்களுக்கு அந்தக் கேள்வியே பொறுக்கவில்லை. “வழுக்கும்னு தெரிஞ்சும் அவரை எதுக்குங்க ஏத்தி விடறோம்?” என்று கேட்டீர்கள். ‘ஏணியைப் பிடித்துக்கொள்ளத் தகுந்த ஆள் ஒருவரை நியமித்தல் அவசியம்’ என்று தேர்விலும் எழுதிவிட்டு வந்தீர்கள். ஐந்து முறை எழுதினீர்கள், ஐந்து முறையும் தவறினீர்கள்.

இதற்கிடையே மேலிடத்திலிருந்து இரண்டாவது கடிதம். அந்த இருபது பேரில் பாதிப் பேராவது 1996 அக்டோபர் தேர்வுக்குள் முழுதும் தேறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய சேர்க்கை கிடையாது. ஷிஃப்ட் மாறியும் ஊர் மாறியும் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். மூன்று பேருக்குப் பாடங்கள் மலையாய்க் குவிந்து கிடந்தன. ஒன்பது பேர் தேறிவிட்டார்கள், ராசப்பன் முதல் வகுப்பில். பத்தாவது ஆள் தாங்கள். பாக்கி இருந்தது விசையியல் ஒன்றுதான்.

தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ராசப்பன் உண்மையான ஏணி ஒன்றைத் தங்கள் வீட்டுக்கே சுமந்து வந்து சுவரில் சாய்த்தார். ஏறச் சொன்னார். ஆறாவது படியில் ஏணி வழுக்கியது. தாங்கள் விழுந்தீர்கள். ரூத் அம்மையார் அலறிக்கொண்டு வந்தபோது, தாங்கள் தரையில் உட்கார்ந்தபடியே, “புரிஞ்சுபோச்சுங்க! கீழ உராய்வு பத்தலீங்க!” என்று கூவினீர்களாம்.

ஜனவரியில் முடிவு வந்தது. எழுதியவரே உறையைப் பிரிப்பது முறையல்ல என்று தாங்கள் விலகி நின்றதால் ஹபீபுன்னிசா மேடம் பிரித்தார். விசையியல்: நாற்பது. தேர்ச்சிக்கு வேண்டியதும் நாற்பது! ஆபீசே எழுந்து ஆடியது. முதல்வர் மேசைமீது கைகளால் தாளம் போட்டார். தாங்கள் மட்டும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“நாப்பது வராதுங்க. நான் கணக்குப் போட்டு வெச்சது முப்பத்தி ரெண்டு. கூட்டல்ல தப்பிருக்கும். மறுகூட்டலுக்கு எழுதிப் போடறேன்.”

ஒரு நொடியில் ஆட்டம் நின்றது. மறுகூட்டலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் தாங்கள் தவறுவீர்கள், பத்து ஒன்பதாகும், மாலை வகுப்பு முடிந்தது.

முதல்வர் கைகூப்பினார். “வேண்டாமுங்க. கும்புட்டுக் கேட்டுக்கறேன்.”

செய்தி கேட்டு மில்லிலிருந்து ராசப்பன் ஓடி வந்தார். “அண்ணா, இந்த ஒருக்கா மட்டும் ரூலை மறந்துபோடுங்ணா. வரப்போற பசங்களை நெனைச்சுப் பாருங்ணா.”

“அவிங்கள நெனைச்சுத்தானுங்க சொல்றேன். தப்பாப் போட்ட மார்க்குல கிளாஸ் நடக்குதுன்னு நாளைக்கு ஒருத்தரு கேட்டுப்போட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தச் சன்னல்ல உக்கார்றது?”

எங்களுள் யாரும் அன்று தங்களோடு பேசவில்லை. கோபம்தான். ஆனால் தாங்கள் அந்த விண்ணப்பத்தில் முத்திரை வைத்ததை நான் பார்த்தேன். முத்திரை தலைகீழாக விழுந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் தலைகீழாக விழுந்த ஒரே முத்திரை அது.

ஆறு வாரம் காத்திருந்தோம். ரூத் அம்மையார் ஜெபம் செய்தார், ராசப்பன் மருதமலைக்கு நடந்து போனார், ஹபீபுன்னிசா மேடம் நோன்பு மாதம் என்பதால் தனியாகவும் வேண்டிக்கொண்டார். மார்ச் மாதம் உறை வந்தது. தாங்கள் சொன்னது சரி: கூட்டலில் தவறு இருந்தது. ஏணிக் கணக்கு இருந்த பக்கத்தைத் திருத்தியவர் கூட்ட மறந்திருந்தார். ஒன்பது மதிப்பெண். மொத்தம் நாற்பத்தொன்பது!

அன்று தாங்கள் ஆபீஸ் நேரத்தில், சன்னல் திறந்திருக்க, வரிசையில் நான்கு பேர் நிற்க, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதீர்கள். நான்கு பேரும் வரிசை கலையாமல் காத்திருந்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்தது யாருங்க?” என்றீர்கள்.

பெருந்தகையீர்! தங்கள் முழங்கால்கள் இனி எந்த ஏணியையும் சந்திக்காதிருக்கட்டும்! தங்கள் வயது எந்தப் படிவத்தின் கட்டத்துக்குள்ளும் அடங்காமல் வளரட்டும்! ரூத் அம்மையாரோடும் மக்களோடும் நோயின்றி, கவலையின்றி, வரிசையில் நிற்க வேண்டிய தேவையுமின்றி நெடிது வாழ இறையை இறைஞ்சுகிறோம்!

இன்னும் பேச ஆசைதான். ஆனால் நாம் கூடியிருப்பது டிராயிங் ஹால். ஏழு மணிக்கு முதலாண்டு மாலை வகுப்பினருக்கு இங்கே வரைபடத் தேர்வு. இந்த ஆண்டு ஜூன் முடிவதற்குள்ளேயே முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். வேலை உடுப்பு கூட மாற்றாமல் அதோ பலகைகளோடு வாசலில் நிற்கிறார்கள். ஐந்து நிமிடம் தள்ளிவைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தோம். ஹபீபுன்னிசா மேடம் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே, ஐயா, மாலையை ஏற்றுக்கொண்டு எழுந்தருளுங்கள். அவர்கள் உட்கார வேண்டும்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
முதல்வர், ஆசிரியர்கள், அலுவலர்கள், பணியாளர்கள்
குளக்கரைப் பாலிடெக்னிக், சிங்காநல்லூர்
31-7-1997, வியாழன் மாலை